மூக்குச் சொட்டு மருந்தை நிறுத்தவே முடியவில்லை, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டபோது மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். அன்று ஆரம்பித்ததை இன்னும் நிறுத்த முடியவில்லை. இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விட வேண்டியிருக்கிறது. சட்டைப் பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். ராத்திரி தீர்ந்துபோய் மெடிக்கல் தேடி ஊரைச் சுற்றியதும் உண்டு. தூங்கப் போகும்முன் ஒரு சளி மாத்திரையும் போடுகிறேன். போடாத நாள் காலையில் தலை கனக்கிறது. போன மாதம் கம்பெனியில் நடந்த முகாமில் பி.பி. 150/100 என்றார்கள். மெடிக்கலில் "வேற கம்பெனி மருந்து மாத்திப் பாருங்கண்ணா" என்கிறார்கள். ஒரு டாக்டர், மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்கிறார். என் மனைவி இதைப் போதைப் பழக்கம் என்றே சொல்கிறாள். அப்படித்தானா? எங்கள் இரண்டு வயது மகளுக்கு மூக்கடைத்தபோது இதிலேயே ஒரு சொட்டு விடலாமா என்று யோசித்தேன், பயமாக இருந்ததால் விடவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் தலையணைக்கு அடியில் இருக்கும் அந்தப் புட்டியை எடுத்து, மகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சட்டைப் பையில் இருப்பதையும்தான். உங்கள் மூக்கைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஓட்ரிவின், நாசிவியான் என்று நாம் பெயர் சொல்லி வாங்கும் அடைப்பு நீக்கிச் சொட்டுகளில் பெரும்பாலும் இருப்பது சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்சிமெட்டாசோலின். பெரியவர்களின் மூக்கில் சில சொட்டு விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு சிறு குழந்தை அதை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சிவிட்டால் கதை வேறு. இந்த வகை மூக்கு, கண் மருந்துகளில் 1 அல்லது 2 மில்லி உள்ளே போனாலே 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012இல் எச்சரித்தது. குழந்தை எழுப்ப எழுப்பத் தூங்கும், இதயத் துடிப்பு குறையும், மயக்கம்வரை போகலாம். அப்படி ஏதாவது நடந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நீங்கள் மகளுக்கு அந்தச் சொட்டை விடாமல் இருந்தது ரொம்ப நல்ல காரியம்.

அவளுக்கு மூக்கடைத்தால் உப்பு நீர்ச் சொட்டு போதும். மெடிக்கலில் 'சலைன் நேசல் டிராப்ஸ்' என்று கேளுங்கள், அதில் மருந்து எதுவும் கிடையாது. சளி சிரப்பும் வேண்டாம். குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டாளரே 2023 டிசம்பரில் உத்தரவு போட்டிருக்கிறார். கற்பூரத்தைத் துணியில் முடிந்து குழந்தையின் சட்டையில் குத்திவிடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.

இனி உங்கள் மூக்குக்கு வருவோம்.

உங்களுக்கு இப்போது இருப்பது சளி இல்லை. மூன்று வருடம் நீடிக்கும் சளி என்று ஒன்று கிடையாது. முதலில் வந்தது சளியாக இருக்கலாம், தூசி ஒவ்வாமையாக இருக்கலாம். இன்றைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூக்கை அடைப்பது பெரும்பாலும் அந்தச் சொட்டு மருந்தேதான். டாக்டர்கள் இதை ரைனைட்டிஸ் மெடிகமென்டோசா என்போம். இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த வியாதி இல்லை, 1940களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள்.

நடப்பது இதுதான். மூக்கின் உள்ளே இரண்டு பக்கச் சுவரிலும் சதை மடிப்புகள் உண்டு, டர்பினேட் என்று பெயர். அவற்றுக்குள் ரத்தக் குழாய்கள் நிறைய. ரத்தம் நிரம்பினால் மடிப்பு வீங்கி வழியை அடைக்கும், வடிந்தால் சுருங்கி வழி விடும். சொட்டு மருந்து அந்தக் குழாய்களைப் பிடித்து இறுக்குகிறது. சில நிமிடங்களில் மூக்கு 'பளிச்' என்று திறந்துகொள்ளும். முதல் வாரத்தில் அந்தச் சுகம் எட்டு, பத்து மணி நேரம் நிற்கும். தொடர்ந்து விட்டால் ரத்தக் குழாய்கள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. மருந்து வேலை செய்யும் நேரம் குறைந்துகொண்டே வரும். அது இறங்கும்போது குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும். அந்த வீக்கத்துக்கு மறுபடியும் மருந்து. தண்டல்காரரின் வட்டியைக் கட்ட இன்னொரு தண்டல் வாங்குவது போலத்தான்: கையில் காசு வந்த மாதிரி இருக்கும், கடன் ஏறிக்கொண்டே போகும்.

இந்த மருந்துகளின் அட்டைப் பெட்டியிலேயே இத்தனை நாளுக்கு மேல் விடக் கூடாது என்று போட்டிருக்கும். மருந்தைப் பொறுத்து 3, 5 அல்லது 7 நாள். நான் நோயாளிகளிடம் 5 நாள் என்று சொல்வது வழக்கம். பிரச்சினை என்னவென்றால் பெட்டியை மெடிக்கலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் புட்டியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வருகிறோம். அந்த எழுத்தும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கம்பெனி மாற்றிப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. சைலோவும் ஆக்சியும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பழகிய மூக்கு மற்றதுக்கும் பழகியதுதான். சிலர் சொட்டை நிறுத்திவிட்டேன் என்று சொல்லி மூக்கில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் குச்சிக்கு மாறுவார்கள். நம் ஊரில் விற்கும் குச்சியில் இருப்பது மென்தால், கற்பூரம் வகையறா. மென்தால் மூக்குக்குள் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, அதனால் காற்று தாராளமாகப் போவது போலத் தோன்றும். வீக்கம் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். கெடுதல் குறைவு என்பதால் நான் அதற்குச் சண்டை போடுவதில்லை.

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. உண்மையிலேயே போதை தந்த மூக்கு மருந்து ஒன்று இருந்தது. 1930களில் அமெரிக்காவில் மூக்கடைப்புக்கு என்று பென்செட்ரின் இன்ஹேலர் விற்றார்கள், உள்ளே இருந்தது ஆம்ஃபெட்டமின். மக்கள் குழாயை உடைத்து உள்ளே இருந்த பட்டையை எடுத்து விழுங்க ஆரம்பித்தார்கள். 1959இல்தான் ஆம்ஃபெட்டமின் இன்ஹேலர்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று நிறுத்தினார்கள். கோடீன் கலந்த இருமல் சிரப்பைப் போதைக்காகக் குடிப்பவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். உங்களுடையது அந்த வகை இல்லை. உங்களுக்கு இதில் கிறக்கம் எதுவும் இல்லை, மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் பெரும்பாலும் மூக்கின் ரத்தக் குழாயில் இருக்கிறது. ஆனாலும் மனைவி சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். புட்டி பையில் இல்லை என்று தெரிந்த உடனே மூக்கு அடைப்பது போலத் தோன்றும் பாருங்கள், அது மனசின் வேலை. மருந்தை நிறுத்தும்போது இரண்டையும் சமாளிக்க வேண்டும். கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. என்னிடம் மூக்கைக் காட்ட வரும் பலரும் மற்றதை எல்லாம் சொல்லிவிட்டு, எழுந்து கிளம்பும்போதுதான் "அப்புறம் டாக்டர், ஒரு சொட்டு மருந்து விடுவேன்" என்று இழுப்பார்கள்.

அடுத்தது அந்த ராத்திரி மாத்திரை. எனக்குச் சொட்டைவிட இதைப் பற்றித்தான் அதிகக் கவலை. நீங்கள் பெயர் எழுதவில்லை. நம் ஊர்ச் சளி மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பவை பாராசிட்டமால், குளோர்பெனிரமைன், ஃபினைலெஃப்ரின், சிலவற்றில் கஃபீன். அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இதில் உங்களைத் தூங்க வைப்பது குளோர்பெனிரமைன். அது சளிக்குக் கொடுப்பது, தூக்கத்துக்கு இல்லை. உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், மறுநாளும் மந்தம் இருக்கும். அந்த மந்தத்தோடு போய் நீங்கள் நிற்பது துணி வெட்டும் மெஷின் முன்னால். விரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃபினைலெஃப்ரின் மாத்திரையாக விழுங்கினால் மூக்கடைப்புக்கு வேலை செய்யவில்லை என்று எஃப்.டி.ஏ.வின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில், கடையில் நேரடியாக வாங்கும் சளி மருந்துகளில் அதை மூக்கடைப்புக்கு இனி சேர்க்க வேண்டாம் என்று அந்த அமைப்பே முன்மொழிந்தது. நம் மாத்திரைகளில் இது எப்படி இவ்வளவு பரவியது என்பதற்கு ஒரு கதை உண்டு. முன்பு அந்த இடத்தில் ஃபினைல்புரொப்பனோலமைன் என்ற மருந்து இருந்தது. மூளையில் ரத்தக் கசிவு ஏற்படும் அபாயத்துக்கும் அதற்கும் தொடர்பு தெரிந்து 2000இல் அமெரிக்காவில் அதை விலக்கச் சொன்னார்கள். இந்தியாவில் 2011 பிப்ரவரி வரை விற்றோம். அதை எடுத்த இடத்தில்தான் பல கம்பெனிகள் ஃபினைலெஃப்ரினைப் போட்டன. ஆக, நீங்கள் இரவு விழுங்குவதில் மூக்குக்காக இருக்கும் பங்கு மூக்குக்கே பயன்படவில்லை.

காலையில் தலை கனப்பதற்கும் மாத்திரையே காரணமாக இருக்கலாம். வலி மருந்தும் கஃபீனும் கலந்ததை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், மருந்து இறங்கும்போது தலைவலி வருவது தெரிந்த விஷயம். தலைவலிக்கு மறுபடி அதே மாத்திரை. சொட்டில் நடப்பதேதான் இங்கேயும் நடக்கிறது. தவிர, காய்ச்சல் என்று தனியாக ஒரு பாராசிட்டமால் 650ம் போட்டு, சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருப்பதை மறந்துவிடுவோம். ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. தினமும் குடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைந்த அளவே பிரச்சினை தரலாம்.

மெடிக்கலில் "சளி, உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்டு, வெட்டிய அட்டைகளைக் கவரில் வாங்கி வரும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விடுங்கள். அந்த மாதிரிக் கவர்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை நான் பார்த்திருக்கிறேன். விழுங்கியவருக்கு அது தெரியாது. ஒரே நாளில் 'சூப்பராக' ஆகிவிட்டதே என்று மறுபடியும் அதே கடைக்குப் போவார்.

பி.பி.யைப் பற்றி: சொட்டு மருந்து, ஃபினைலெஃப்ரின், கஃபீன் எல்லாமே ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. இத்தனையும் சேர்ந்து உங்கள் 150/100க்குப் பங்களித்திருக்கலாம். ஆனால் அதுதான் காரணம், மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பார்த்து மறுபடி அளந்துகொள்ளுங்கள், சொட்டை நிறுத்தும் முயற்சி நடக்கும்போது வாரம் இரண்டு தடவை அளந்து எழுதி வையுங்கள். பி.பி. மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள்.

சரி, சொட்டை நிறுத்துவது எப்படி? ஒரே நாளில் தூக்கி எறிபவர்கள் உண்டு. முதல் மூன்று நான்கு இரவுகள் வாயால்தான் மூச்சு விட வேண்டியிருக்கும், பாதிப் பேர் நடுராத்திரியில் தோற்றுப்போவது அப்போதுதான். மூன்று வருடப் பழக்கத்துக்கு நான் சொல்வது ஒவ்வொரு மூக்காக நிறுத்தும் முறை.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. அவர் உள்ளே பார்த்துவிட்டு ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே ஒன்று எழுதிக் கொடுப்பார். ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். மூக்கில் அடிக்கும் அளவு மிகக் குறைவு, ரத்தத்தில் கலப்பது அதிலும் சொற்பம். இது சொட்டு மாதிரி சில நிமிடத்தில் வேலை செய்யாது. சில நாள் ஆகும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். பலர் இரண்டு நாள் அடித்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று மூலையில் போட்டுவிடுவது இதனால்தான்.

அடிக்கும் விதமும் முக்கியம். தலையை அண்ணாந்து பார்க்கக் கூடாது, லேசாகக் குனிய வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து இருக்கட்டும். இல்லாவிட்டால் நடுச்சுவர் காய்ந்து ரத்தம் வரும். அடித்ததும் 'சுர்'ரென்று உறிஞ்சாதீர்கள், தொண்டைக்குப் போய்விடும்.

ஒரு வாரம் ஸ்பிரே அடித்த பிறகு, இரண்டில் கொஞ்சம் பரவாயில்லாத மூக்கைத் தேர்ந்தெடுத்து அதில் மட்டும் சொட்டை நிறுத்துங்கள். இன்னொன்றில் வழக்கம்போல விடலாம், ஒரு பக்கமாவது திறந்திருப்பதால் தூங்க முடியும். நிறுத்திய பக்கம் முதல் சில நாள் கல் மாதிரி அடைத்திருக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வழி விடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அந்த மூக்கால் மட்டுமே மூச்சு விட முடிகிறது என்பது தெரியவரும். அது உறுதியானதும் அடுத்த பக்கத்தையும் நிறுத்துங்கள். ஸ்பிரேயை டாக்டர் சொல்லும்வரை தொடருங்கள்.

தலைமாட்டை உயர்த்திப் படுங்கள், இன்னொரு தலையணை போதும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நல்ல ஆரோக்கியமான மூக்கும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் அடைத்து மறு பக்கம் திறக்கும். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப் பக்க மூக்கு அடைப்பதும் சகஜம். மூன்று வருடமாக இரண்டு மூக்கையும் மருந்தால் திறந்தே வைத்திருந்த உங்களுக்கு இது நோய் மாதிரித் தெரியும். புட்டியைத் தேடாமல் திரும்பிப் படுங்கள்.

உப்பு நீரால் கழுவுவது நன்றாக உதவும். ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் கட்டாயம் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், தொட்டித் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடாதீர்கள். கேரளாவில் 2024, 2025இல் மூளையைத் தாக்கும் அமீபா பற்றி செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது உள்ளே போகும் முக்கிய வழி மூக்குதான். ஆவி பிடிப்பது, நொச்சி இலை போடுவது எல்லாம் இதமாக இருக்கும், செய்யலாம். மகள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொதிக்கும் பாத்திரத்தைத் தரையில் வைக்காதீர்கள்.

இதற்கும் அடைப்பு தாங்க முடியவில்லை என்றால் சில நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது உண்டு. பி.பி., சர்க்கரை பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக வாங்காதீர்கள். ராத்திரி மாத்திரையை ஸ்பிரே ஆரம்பிக்கும் அன்றே நிறுத்திவிடலாம். ஒரு வாரம் போலத் தலைவலி கூடலாம், தூக்கம் தள்ளிப் போகலாம், பிறகு குறையும். தாங்காத தலைவலி, வாந்தி, பார்வை மங்குவது என்று ஏதாவது வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இத்தனைக்கும் பிறகு, ஆரம்பத்தில் மூக்கு ஏன் அடைத்தது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. கட்டிங் டேபிளில் நாள் முழுக்கப் பஞ்சுத் தூசிக்குள் நிற்கிறீர்கள். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் அரிப்பு, தண்ணீராக ஒழுகுவது, கண் உறுத்தல் இவை உங்களுக்கு உண்டா? இருந்தால் ஒவ்வாமைதான் அடிப்படை. அதற்கும் அதே ஸ்டீராய்டு ஸ்பிரேதான் முதல் மருந்து, மாதக்கணக்கில் எடுத்தாலும் சொட்டைப் போலத் திருப்பி அடிக்காது. வேலையில் முகக்கவசம் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு உப்பு நீரால் மூக்கைக் கழுவுங்கள். இதைச் செய்யாமல் சொட்டை மட்டும் நிறுத்தினால் அடுத்த தடவை மூக்கு அடைக்கும்போது கால் தானாக மெடிக்கல் பக்கம் போகும்.

கடைசியாக ஆபரேஷன். மூக்குத் தண்டு, அதாவது மூக்கின் நடுச்சுவர், கொஞ்சமும் வளையாமல் நேராக இருப்பவர்கள் குறைவு. உங்கள் தண்டு மூன்று வருடத்துக்கு முன்பு திடீரென்று வளைந்திருக்காது, அடிபட்டிருந்தால் தவிர. 25 வயதில் அதே மூக்கோடு நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். சொட்டால் வீங்கிக் கிடக்கும் மூக்கைப் பார்த்து, அடைப்பில் தண்டின் பங்கு எவ்வளவு, வீக்கத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஆபரேஷன் செய்துகொண்டும் சொட்டை நிறுத்தாமல் இருந்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும். அதனால் அந்த டாக்டர் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை, அவசரம் இல்லை என்கிறேன். இரண்டு மூக்கிலும் சொட்டை நிறுத்தி ஒன்றரை, இரண்டு மாதம் ஆன பிறகு மறுபடி போய்க் காட்டுங்கள். அப்போதும் ஒரு பக்கம் எப்போதும் அடைத்தே இருந்தால், உள்ளே சதை வளர்ந்திருந்தால், அன்றைக்கு ஆபரேஷன் பற்றிப் பேசலாம். நடுவில் ஒரே பக்கம் அடைப்போடு ரத்தம் வந்தால் மட்டும் இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள். டாக்டர் அறைக்குள் போனதும் எத்தனை வருடம் சொட்டு விட்டீர்கள், நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.